நகத்தில் காயாத வெள்ளை

அந்தோணிசாமிக்கு வயிறு எரிந்தது. மாமியார் வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கோழிக் குழம்பைப் பிசைந்துகொண்டே எரிந்தது. எரிச்சலுக்குக் காரணம் எதிர்ச்சுவர் அலமாரியில் இருந்தது: மரத்திலும் தகரத்திலும் செய்த, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு ரயில் என்ஜின். அதைச் செய்த ஆள் அவனுக்கு எதிர் இலையில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். மனைவியின் தங்கை புருஷன், பெயர் சின்னப்பன். கல்யாணமாகி ஏழு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த வேலை!

ஒரு பொம்மை என்ஜினுக்காக வளர்ந்த மனுஷனுக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், சவரிமுத்து வீட்டுக் குடிலைப் பற்றித் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது.

சவரிமுத்து, இந்த இருவருக்கும் மாமனார். ரயிலில் கார்டாக இருந்து ரிட்டையராகித் திண்டிவனத்தில் வந்து உட்கார்ந்தவர். கிறிஸ்துமஸுக்கு அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் குடில் கட்டுவார்கள். வைக்கோல், மாட்டுக் கொட்டகை, இடையர்கள், ஆடுகள், நடுவில் குழந்தை சேசு. இவர் வீட்டுக் குடிலில் மட்டும் மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தண்டவாளம் ஓடும், ஸ்டேஷன் இருக்கும், சிக்னல் கம்பம் கை தூக்கி நிற்கும்.

"பெத்லகேமுக்கு எந்தக் காலத்துலய்யா ரயில் போச்சு?" என்று பங்குச் சாமியார் வருஷா வருஷம் கேட்பார்.

"போயிருந்தா மாதா கழுத மேல குந்திக்கினு கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்களே சாமி!" என்று இவரும் வருஷா வருஷம் சொல்வார்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஜெபம் முடிந்ததும், கிழவர் தன் பழைய பச்சைக் கொடியை ஆட்டி, பெரிய மருமகன் செய்த என்ஜினைத் தண்டவாளத்தில் ஏற்றுவார். தெருவே வந்து நின்று பார்க்கும். "விழுப்புரத்து மாப்ள கைய பாருங்க, கைய!" என்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அந்தோணிசாமி மீதி வருஷத்தை ஓட்டினான். விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க்குக்கு வேறு யார் வந்து கொடி ஆட்டப் போகிறார்கள்?

பெயிண்டு விஷயத்தில் அவன் கெட்டிக்காரன்தான், அதை மறுக்க முடியாது. லோக்கோ ஷெட்டில் டப்பாவின் அடியில் மிஞ்சுகிற எனாமலைக் கேட்டு வாங்கி வருவான். டப்பாவிலேயே பிரஷை முக்குகிறவனைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "செவுத்துக்கு அடிக்கறவன்தான் டப்பாவுல முக்குவான்" என்பான். ரயில்வே ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அப்துல் சுக்கூர் எடுத்துவைத்துத் தருகிற காலி பென்சிலின் புட்டிகள்தான் அவனுடைய சொத்து. சுண்டுவிரல் உயரத்தில் புட்டி, இறுக்கமான ரப்பர் மூடி. பெயிண்டை ஈர்க்குச்சியால் அடிவரை கிளறி, பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரால் உறிஞ்சி, புட்டிக்குள் விட்டு, மூடித் தலைகீழாக நிறுத்திவைப்பான். அப்படி வைத்தால் மேலே படிகிற ஆடை புட்டியின் அடிப்பக்கத்தோடு போய்விடும். நிமிர்த்தித் திறந்தால் சுத்தமான பெயிண்டு நிற்கும். ஒரு என்ஜினுக்கு வேண்டியது மொத்தமே ஒரு கரண்டிக் கறுப்பு, சில சொட்டுச் சிவப்பு, ஒரு பொட்டு வெள்ளை.

வெட்டுவது, ஒட்டுவது, கறுப்படிப்பது எல்லாம் அவன் கை. அந்தப் பொட்டு வெள்ளை மட்டும் அவன் கை இல்லை. டிரைவர் நிற்கிற அறையின் வெளிப்பக்கத்தில் என்ஜின் நம்பரை அரிசி அளவில் எழுத வேண்டும். அவன் மூச்சைப் பிடித்தாலும் கை நடுங்கும். கல்யாணமான புதிதில் ஒருநாள், அவன் எழுதுவதும் துடைப்பதும் திட்டுவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அவன் மனைவி லூர்துமேரி, "இங்க குடுங்க" என்று வாங்கி எழுதினாள். அச்சடித்த மாதிரி வந்தது. அன்றிலிருந்து எல்லா நம்பரும் அவள் எழுதியதுதான்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பெயிண்டைக் கிளிஞ்சலில் ஊற்றினால் ஜல்தியாக இறுகிவிடுகிறது என்று, இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு துளி விட்டுக்கொள்வாள். உடம்புச் சூட்டில் அது இளகியே இருக்கும். நாலைந்து முடி மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டிய பிரஷால் நகத்திலிருந்து தொட்டு, அதிகமானதை நகத்தின் ஓரத்திலேயே வழித்துவிட்டு, மணிக்கட்டைத் தீப்பெட்டி மேல் சாய்த்து எழுதுவாள். எழுதி முடித்த பிறகும் நகத்தில் கொஞ்சம் வெள்ளை காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத்தான் அது போகும்.

ஒரே ஒருமுறைதான் சொதப்பியது. பிரஷ் முடி மெத்தென்று இருக்கட்டும் என்று அந்தோணிசாமி அதை விளக்கெண்ணெயில் ஊறவைத்து, சரியாகக் கழுவாமல் கொடுத்துவிட்டான். அன்று எழுதிய நம்பர் வாரக்கணக்கில் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடந்தது. தொட்டவர் விரலில் எல்லாம் ஒட்டியது. விளக்கெண்ணெய் பட்ட பெயிண்டு செத்த பெயிண்டு என்று இருவரும் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்கள்.

திண்டிவனத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நம்பரைக் காட்டித்தான் மாமனார் "கைய பாருங்க" என்பார். மாப்பிள்ளை பல் தெரியச் சிரிப்பார். கைக்குச் சொந்தக்காரி அடுக்களையில் அதிரசம் சுட்டுக்கொண்டிருப்பாள். சொல்லியிருக்கக் கூடாதா? முதல் வருஷம் சொல்லத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் அது தன் எழுத்துத்தான் என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான்.

இப்போது, ஐம்பத்தொன்பதாம் வருஷம் டிசம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, இந்தச் சின்னப்பன் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான். மரக்காணத்தில் உப்பு இலாகாவில் கிளார்க். உப்பை அளந்தோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இல்லாமல், என்ஜின் செய்திருக்கிறான். சக்கரம் சுற்றுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து கம்பி முன்னும் பின்னும் போகிறது. கறுப்பு அடித்திருக்கிற அழகில் பிரஷ் போன தடம் தேடினாலும் கிடைக்கவில்லை. அந்தோணிசாமி இலையை விட்டுக் கண்ணை எடுத்துக் கண்ணை எடுத்து அதைத்தான் பார்த்தான். ஒரு குறை கிடைக்காதா என்று பார்த்தான். ஒன்று கிடைத்தது. நம்பர் இல்லை.

"நம்பரக் காணோமே?" என்றான், சோற்றை உருட்டியபடி.

"அதான் வரலியே அண்ணே!" என்று சின்னப்பன் சிரித்தான். "உங்க என்ஜினப் பாத்துத்தான் எல்லாம் கத்துக்கினேன். நம்பரு மட்டும் வரமாட்டேன்னுது. கை ஆடுது."

கை ஆடுதாம்! மாமியார், மாமனார், மனைவி எல்லார் எதிரிலும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஒரு மனுஷனுக்கு வெட்கம் வேண்டாமா? தான் ஏழு வருஷமாக மூடி மூடி வைத்ததை இவன் ரசம் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டானே என்று அந்தோணிசாமிக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து லூர்துமேரி ரசம் ஊற்றக் குனிந்தாள். அந்தோணிசாமி செய்து அன்று கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்த வேகனுக்கு, முந்தின நாள்தான் அவள் எழுத்து எழுதியிருந்தாள். சின்னப்பன் அவள் கையைப் பார்த்தான்.

"அக்கா, நகத்துல இன்னா வெள்ளையா?"

"சுண்ணாம்பு" என்று அந்தோணிசாமி முந்திக்கொண்டான். "வெத்தலைக்கு."

"இவ எப்ப வெத்தல போட ஆரம்பிச்சா?" என்றாள் மாமியார்.

"சுண்ணாம்பு இப்படிப் பளபளக்காது அண்ணே, எனாமல் இது" என்று சொல்லிவிட்டு, சின்னப்பன் அலமாரியில் இருந்த வேகனைப் பார்த்தான், பிறகு நகத்தைப் பார்த்தான். "அக்கா, அந்த எழுத்தெல்லாம் நீங்க போட்டதா?"

லூர்துமேரி புருஷனைப் பார்த்தாள். அவன் இலையைப் பார்த்தான். "ஆமா தம்பி" என்றாள், மெதுவாக.

"நம்ம மேரியா!" என்று சவரிமுத்து கையைத் தூக்கினார்.

"அட, நீங்க வேற மாமா!" என்று அந்தோணிசாமி சத்தமாகச் சிரித்தான். "பக்கத்துல குந்திக்கினு விளக்கு புடிப்பா. சும்மா ஒண்ணு ரெண்டு கோடு இழுக்கச் சொல்வேன். பொம்பளைக்கும் ஆச இருக்குமில்ல?"

லூர்துமேரி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அத்தோடு போயிருக்கும். ஆனால் சின்னப்பன் விடுகிற ஆளா? அடுக்களைப் பக்கம் திரும்பி, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "அக்கா! கிறிஸ்மஸுக்குள்ள என் என்ஜினுக்கு நீங்கதான் நம்பரு போட்டுக் குடுக்கணும்" என்றான். "போடறேன் தம்பி" என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.

அன்று சாயங்காலம் பாசஞ்சரில் விழுப்புரம் திரும்பும்போது, மயிலம் தாண்டியதும் அவள் ஜன்னலோரம் ஏதோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள்.

"இன்னா பாட்டு வேண்டிக்கெடக்குது?" என்றான்.

"பாடினனா?" என்று கேட்டுவிட்டு, வெளியே பார்த்தாள். "அவரு எல்லார் முன்னாடியும் கேட்டாருங்க."

"ஏன், நான் கேக்கலியா? வருஷா வருஷம் கேக்கறனே?"

"நீங்க கதவ சாத்திக்கினு கேப்பீங்க."

அவளைச் சந்தேகப்பட அவனுக்கு ஒன்றுமில்லை. சின்னப்பனை அவள் தம்பி என்றுதான் கூப்பிட்டாள், தம்பியாகத்தான் நினைத்தாள். அது அவனுக்கும் தெரியும். ஆனால் அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவன் தான் இல்லை என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகாவது ஆறியதா? இல்லை. அவள் பழைய பவுடர் டப்பாவின் மூடியை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் நம்பர் எழுதிப் பழகினாள். எழுதுவாள், தூர வைத்துப் பார்ப்பாள், துடைப்பாள், மறுபடி எழுதுவாள். "அவரு என்ஜினு நல்லா நீட்டமா இருக்குது. நம்பருல வர்ற ரெண்ட கொஞ்சம் வளைச்சிப் போட்டா எடுப்பா இருக்கும், இல்லீங்க?" என்று அவனிடமே கேட்டாள். அவனுக்கு எப்படி இருக்கும்! இத்தனை வருஷத்தில் அவன் என்ஜினுக்கு அவள் ஒருதடவையாவது பழகிப் பார்த்ததுண்டா? அவன் எதிரே உட்கார்ந்து தன் புது என்ஜினுக்குக் கறுப்படித்துக்கொண்டிருந்தான். பிரஷ் தடம் தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தான். அப்போதும் தெரிந்தது.

"என்னுதுக்கு எப்ப நம்பரு?" என்றான்.

"இருபத்துநாலாந்தேதி நீங்க வந்ததும் போட்டுத் தர்றேன். எங்க போவுது?" என்றாள்.

எங்கே போகிறது! அந்த வார்த்தை அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவனுடையது எங்கேயும் போகாது, சின்னப்பனுடையதுதான் அவசரம்.

பலகாரம் சுட அம்மாவுக்கு ஒத்தாசையாக அவள் இரண்டு நாள் முன்னதாகவே திண்டிவனம் போவதாக ஏற்பாடு. "அங்க பெரிய டப்பாதான் கெடைக்குதாம், ஒரு புட்டி வெள்ள நிரப்பி வெய்யிங்க" என்று சொல்லிவிட்டு, காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போனாள்.

வீட்டில் அவன் மட்டும்தான். புட்டியை எடுத்தான். வெள்ளையைக் கிளறி உறிஞ்சி விட்டான். மூடப் போனவன் மூடவில்லை. அலமாரியில் விளக்கெண்ணெய்ச் சீசா இருந்தது. ஃபில்லரின் நுனியை அதில் வைத்து உறிஞ்சினான். சொட்டுச் சொட்டாகப் புட்டிக்குள் விட்டு, மூடி, நன்றாகக் குலுக்கினான். பெயிண்டு பார்க்க அப்படியேதான் இருந்தது. டர்பன்டைன் நெடியில் எண்ணெய் வாசனை தெரியவில்லை.

சின்னப்பன் என்ஜின் இந்த வருஷம் தண்டவாளம் ஏறக் கூடாது, அவ்வளவுதான் அவன் கணக்கு. நம்பர் கெட்டால் எழுதியவள் பெயர் கெடுமே என்று நினைத்தானா? நினைத்தான். நினைக்காமல் செய்தான் என்று சொன்னால் பொய். கெட்டால் கெடட்டும், மறுபடி என்னிடம்தானே வர வேண்டும் என்றும் நினைத்தான், பாவி.

ஸ்டேஷனில் துணியில் சுற்றி அந்தப் புட்டியை அவளிடம் கொடுத்தான். வண்டி நகரும்போது, வழக்கம் விடுமா, "தலகீழா வெய்யி மேரி, ஆட வுழுந்துடும்!" என்று கத்தினான். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம், தன் என்ஜினைப் பஞ்சு வைத்த சோப்புப் பெட்டியில் சுமந்துகொண்டு அவன் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது வீடு இழவு வீடாக இருந்தது. சொன்னது மாமியார்தான். முந்தின நாள் காலையில் மேரி எழுதினாளாம். நம்பர் முத்து முத்தாக இருந்ததாம். சவரிமுத்துக்குத் தலைகால் புரியவில்லை. காயட்டும் என்று ஒரு நாள் பொறுத்தவர், இன்று காலையில் என்ஜினைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறார். "என் பொண்ணு எழுதினது! கண்ணாடி இல்லாமப் படிங்க பாக்கலாம்!" என்று பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளிடம் நீட்டினால், அவர் விரல் பட்டு நம்பர் ஒரு பக்கம் இழுகிப் போயிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் தூசியும் வைக்கோல் துரும்பும் ஒட்டி, நம்பரா நரகலா என்று தெரியாமல் கிடந்தது. கோவிந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். கிழவருக்கு அது போதாதா?

"மாப்ள" என்றார் சவரிமுத்து, நாற்காலியில் இருந்தபடியே. "நீங்க அன்னிக்கே சரியாச் சொன்னீங்க. இவ விளக்கு புடிக்கத்தான் லாயக்கு. நான்தான் ஊரு பூராச் சொல்லி மானத்த வாங்கிக்கினேன்."

அந்தோணிசாமிக்கு அது இனித்தது. ஒரு நிமிஷம் நன்றாகவே இனித்தது. பிறகு அவன் அடுக்களைக்குப் போனான்.

லூர்துமேரி ஒரு கையால் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். இடது கையை மாவில் படாமல் தூக்கி வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து, கட்டைவிரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். நகத்தில் வெள்ளை இன்னும் ஈரமாக மினுங்கியது. டர்பன்டைன் நெடி எல்லாம் பறந்துபோய் விளக்கெண்ணெய் வாசனை மட்டும் வந்தது.

"நேத்து காலைல வுட்டது" என்றாள். "எழுதும்போது நல்லா வழவழன்னு ஓடிச்சு. எனக்காக எவ்ளோ பக்குவமாக் கலந்து குடுத்திருக்கீங்கன்னு உங்கள நெனச்சி சந்தோசப்பட்டேன்."

"மழைக்காலம் மேரி, சில நேரம்..."

"சும்மா இருங்க" என்றாள். குரல் உயரவில்லை. திரும்பிப் போய் மாவின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவனுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பான்.

சாயங்காலம் தெரு கூடிவிட்டது. கோவிந்தம்மாள் முன்வரிசையில் நின்றாள். பங்குச் சாமியார் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டு, வழக்கமான பதிலை வாங்கிக்கொண்டார். ஜெபம் முடிந்தது. சவரிமுத்து பச்சைக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாப்ள, உங்க என்ஜின எடுங்க" என்றார். பஞ்சை விலக்கி அவன் எடுத்தான்.

"நம்பரு எங்க?"

"போடணும் மாமா. நேரம் கெடைக்கல."

"அதனால இன்னா? இப்பப் போடுங்க! எப்படிப் போடறதுன்னு எல்லாரும் பாக்கட்டும். சிரிச்சவங்களும் பாக்கட்டும்."

சின்னப்பன் ஓடிப்போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். தீப்பெட்டி வைத்தான், பிரஷ் வைத்தான், ஒரு சின்னப் புட்டியில் மஞ்சள் பெயிண்டைக் கொண்டுவந்தான். "அந்த வெள்ள வேணாம் அண்ணே, இது என்னுது, நல்லாக் காயுது. நான் பக்கத்துல நின்னு கத்துக்கறேன்" என்றான். அவனுக்குக் கபடம் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தோணிசாமிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உட்கார்ந்தான். பிரஷை மஞ்சளில் தொட்டான். மணிக்கட்டைத் தீப்பெட்டியில் சாய்த்தான். கை ஆடியது. மூச்சைப் பிடித்தான், இன்னும் ஆடியது. நுனியில் மஞ்சள் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. "ஜல்தி மாப்ள" என்றார் சவரிமுத்து.

அப்போதுதான் லூர்துமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் கையிலிருந்த என்ஜினை வாங்கினாள். நம்பர் வர வேண்டிய இடத்தில் தன் இடது கட்டைவிரல் நகத்தைக் கவிழ்த்து அழுத்தினாள். கறுப்பின் மேல் நகத்தின் அளவுக்கு ஒரு வெள்ளைக் குறி விழுந்தது.

"இதான் நம்பரு" என்று முக்காலியில் வைத்துவிட்டுப் போய் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"ஏய், உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கிழவர் பாய்ந்தார்.

சின்னப்பன் குனிந்து அந்தக் குறியை விரலால் தொட்டான். விரல் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனான். பிறகு அந்தோணிசாமியைப் பார்த்தான். தெரிந்துகொண்டான் என்று அந்தோணிசாமிக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், இந்த வீட்டில் தன் கதை முடிந்தது என்று நினைத்தான்.

"மாமா, பெயிண்டு பழசு போலக் கீது" என்றான் சின்னப்பன். "மழைக்காலத்துல பழைய பெயிண்டு இப்படித்தான் பேஜாரு பண்ணும். அக்கா கை மேல ஒரு தப்பும் இல்ல. யாரும் அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

தப்பித்தான்! ஆமாம் மாமா, பழசுதான் என்று ஒரு தலையாட்டல் போதும். குற்றவாளி யாருமில்லை, மேரிக்கும் கெட்ட பெயரில்லை. ஆனால் அந்தோணிசாமி வாசல் பக்கம் பார்த்துத் தொலைத்தான். லூர்துமேரி சின்னப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலில் வந்த அதே களை அவள் முகத்தில் வந்திருந்தது.

ஐயோ, அவனுக்கு எப்படி எரிந்தது! நம்பர் கேட்டவனும் இவன், நகத்தைக் கண்டுபிடித்தவனும் இவன், இப்போது அவளைக் காப்பாற்றுகிறவனும் இவனேயா? அதையும் இவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமா?

"பழசு இல்ல!" என்று கத்தினான். "புதுப் பெயிண்டு. நான்தான் அதுல விளக்கெண்ண வுட்டேன்."

தொடங்கியவனால் நிறுத்த முடியவில்லை. "காயக் கூடாதுன்னு வுட்டேன். இத்தினி வருஷமா நம்பரு எல்லாம் அவ போட்டதுதான் மாமா. எனக்கு வராது. ஒருநாளும் வந்ததில்ல."

மனம் திருந்திச் சொன்னான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொறாமையில்தான் சொன்னான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான், தெரு முழுக்கக் கேட்டது. கோவிந்தம்மாள் இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை, திறந்தபடி நின்றாள். மாமியார் "அட என் சேசுவே" என்று தலையில் கை வைத்தாள். சவரிமுத்து கொடியை மெதுவாகக் கீழே இறக்கினார். பெரிய மருமகனை அவர் பார்க்கவேயில்லை.

"தம்பி, உங்க என்ஜின எடுத்தாங்க" என்றாள் லூர்துமேரி. "டர்பன்டைன் இருக்குதா?"

நகத்தைத் துடைத்தாள். சின்னப்பன் என்ஜினின் இரண்டு பக்கத்தையும் துடைத்தாள். முக்காலியின் முன்னால் உட்கார்ந்து, நகத்தில் ஒரு துளி மஞ்சளை விட்டுக்கொண்டாள். பிரஷைத் தொட்டு, ஓரத்தில் வழித்து, தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, விளக்கு புடிங்க."

அந்தோணிசாமி லாந்தரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினான். அவள் எழுதினாள். அவள் ஆசைப்பட்ட மாதிரியே நம்பரில் இருந்த ரெண்டு வளைந்து வந்தது. அவள் கை ஆடவில்லை, விளக்குத்தான் ஆடியது. "ஆட்டாதீங்க" என்றாள், நிமிராமலே. மறு பக்கத்தையும் எழுதி முடித்தபோது பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்பரைச் சத்தமாகப் படித்தார். சவரிமுத்து மகளின் தலையில் கை வைத்தார். பிறகு கொடியைத் தூக்கி ஆட்டினார். சின்னப்பன் என்ஜின் முதலில் தண்டவாளம் ஏறியது.

"என்னுத தொடச்சிடறேன்" என்று அந்தோணிசாமி டர்பன்டைனை எடுத்தான்.

"வேணாம்" என்றாள். "அது அப்படியே நிக்கட்டும்." அந்த வெள்ளைக் குறியோடு அவளே அதை எடுத்துச் சின்னப்பன் என்ஜினுக்குப் பின்னால் நிறுத்தினாள். குடில் இருந்தவரை வந்து பார்த்தவர்களெல்லாம், இது என்ன குறி என்று கேட்டார்கள். வீட்டில் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராசாக்கள் திருநாளுக்குக் குடிலைப் பிரித்தார்கள். பெட்டியில் வைக்கத் தன் என்ஜினை எடுத்தபோது, அந்த வெள்ளை இன்னும் காயாமல் அந்தோணிசாமியின் விரலில் ஒட்டியது. பாசஞ்சரில் கூட்டம் நெருக்கியடித்தது. மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்கு நடுவே இருவருக்கும் இடம் கிடைத்தது. லூர்துமேரியின் நகத்தில் மஞ்சள் நன்றாகக் காய்ந்திருந்தது. இத்தனை நாளாக அவள் அவனிடம் வேண்டியதற்கு மேல் பேசவில்லை. மயிலம் ஸ்டேஷன் போனது. பேரணி ஸ்டேஷன் போனது. அவன் மடியிலிருந்த பெட்டியைத் திறந்து என்ஜினை வெளியே எடுத்தான்.

"மேரி" என்றான். வண்டிச் சத்தத்துக்கு மேலே, ரயில் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னான். "இதுக்கு நீ நம்பரு போட்டுக் குடுப்பியா?"

எதிரில் உட்கார்ந்திருந்த மல்லாட்டை வியாபாரி நிமிர்ந்தார். "இன்னா போடணுங்க?"

"நம்பரு. எனக்கு வராதுங்க. என் சம்சாரந்தான் போடுவாங்க."

வியாபாரி என்ஜினையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். லூர்துமேரி ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை.

"பாக்கலாம்" என்றாள்.